பாதியில் நின்றவர்களைப் புரிந்துகொள்ள

கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகள் ஏன் பாதியில் நின்றுபோகிறார்கள், அதைப் பற்றி எதைப் படிக்கலாம் என்று இளம் விரிவுரையாளர்கள் கேட்டால், நான் முதலில் புத்தகம் எதையும் சொல்வதில்லை. பத்துப் பதினோரு பக்கக் கட்டுரை ஒன்றைச் சொல்வேன். யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆசிரியர் 1992-இல் ‘காலேஜ் மேத்தமேட்டிக்ஸ் ஜர்னல்’ இதழில் எழுதியது. கால்குலஸ் படிக்கும் மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்த கதை. கணிதம் தெரியாதவரும் படிக்கலாம். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஆனால் அதைப் படித்தபின் இந்தத் துறையில் வேறெதைப் படித்தாலும் கேள்வி கேட்டுக்கொண்டே படிப்பீர்கள். அதற்காகத்தான் அதை முதலில் வைக்கிறேன்.

இடைநிற்றலைப் பற்றிய முக்கியமான எழுத்தில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதோடு எத்தனை பேர் முடித்தார்கள் என்பதையும் கல்லூரி வாரியாக எண்ணி வெளியிடும் வழக்கம் அங்கே நிலைபெற்றுவிட்டது. நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பில் சேரும் நூறு பேரில் ஆறு ஆண்டுகளுக்குள் முடிப்பவர்கள் அறுபது சொச்சம் பேர். இரண்டு ஆண்டுப் படிப்பு தரும் சமுதாயக் கல்லூரிகளில் நிலைமை இன்னும் மோசம். கல்லூரிக்குள் போய்விட்டுப் பட்டமோ சான்றிதழோ இல்லாமல் வெளியே வந்தவர்கள் அந்த நாட்டில் 3.5 கோடிக்கும் மேல். அவர்களில் பலர் கல்விக் கடனையும் சுமக்கிறார்கள். பட்டம் இருந்தால் அதைக் காட்டி வேலை தேடிக் கடனை அடைக்கலாம். அதுவும் இல்லை. இந்த வலியை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில்தான் ஐம்பது ஆண்டுகளாக அங்கே விவாதம் நடக்கிறது.

ட்ரைஸ்மனுக்கு வருவோம். 1970-களின் நடுவில் அவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். முதலாண்டு கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் அதிகமாகத் தோற்பதைப் பார்த்தார். காரணம் என்னவென்று ஆசிரியர்களிடம் கேட்டார். திரும்பத் திரும்ப நான்கு பதில்கள் வந்தன: ஆர்வம் போதவில்லை, பள்ளியில் அடித்தளம் சரியில்லை, வீட்டில் படிப்புக்கு ஆதரவு இல்லை, எல்லாவற்றுக்கும் மூலம் வறுமை. பதில் சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். அக்கறையோடுதான் சொன்னார்கள். ட்ரைஸ்மன் அதை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளாமல் போய்ப் பார்க்க முடிவெடுத்தார். கறுப்பின மாணவர் 20 பேர், ஒப்பிட்டுப் பார்க்கச் சீன வம்சாவளி மாணவர் 20 பேர். அவர்கள் படிக்கும் இடங்களுக்கெல்லாம் போனார், படமெடுத்தார், குடும்பங்களோடு பேசினார்.

நான்கு பதில்களும் நொறுங்கின. கறுப்பின மாணவர்கள் பலர் தங்கள் பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கியவர்கள். பிள்ளை கல்லூரிக்குப் போக வேண்டும் என்று பெற்றோர் எத்தனையோ தியாகம் செய்திருந்தார்கள். வருமானத்தை வைத்தும் தேர்ச்சியை விளக்க முடியவில்லை. வித்தியாசம் வேறோர் இடத்தில் இருந்தது. கறுப்பின மாணவர்கள் வகுப்புக்குத் தவறாமல் வந்தார்கள், வீட்டுப்பாடத்தை நேரத்துக்குக் கொடுத்தார்கள், வாரத்துக்கு எட்டு மணி நேரம் போலத் தனியாக உட்கார்ந்து படித்தார்கள். சொன்னதையெல்லாம் செய்தார்கள், ஆனால் ஒற்றை ஆளாகச் செய்தார்கள். 20 பேரில் 18 பேர் வகுப்புத் தோழர்களோடு சேர்ந்து படித்ததே இல்லை. தேர்வு முடிவு வந்து மோசமான கிரேடைப் பார்க்கும்போது தன்னிடம் எது குறை என்று சொல்ல அருகில் ஒருவரும் இல்லை. சீன மாணவர்களும் தனியாகப் படித்தார்கள். ஆனால் அதோடு நிற்காமல் மாலையில் கூடினார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள், ஒருவர் விடையை ஒருவர் திருத்தினார்கள், பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு கணக்கு யாருக்குமே வரவில்லை என்றால் அது கடினமான கணக்கு என்று தெரிந்துகொண்டார்கள். தனியாக இருப்பவனுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்வதில்லை. தனக்கு மூளை இல்லை என்று அவன் முடிவுகட்டிவிடுகிறான்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. பின்தங்கியவர்களுக்கான சிறப்பு வகுப்பு என்ற பெயரில் பெர்க்லியில் ஏற்கெனவே உதவிகள் இருந்தன. மாணவர்கள் அந்தப் பக்கம் போகவில்லை. பள்ளியில் முதலிடம் பிடித்த பிள்ளையை, ‘உனக்கு ஒன்றும் தெரியாது, வா, அடிப்படையிலிருந்து சொல்லித்தருகிறோம்’ என்று கூப்பிட்டால் எப்படி வரும்? 1978-இல் ட்ரைஸ்மன் தொடங்கிய கணிதப் பயிலரங்கம் நேர்மாறான அழைப்பை விடுத்தது. நீங்கள் திறமைசாலிகள், கடினமான கணக்குகள் வைத்திருக்கிறோம், சேர்ந்து போடுங்கள் என்றது. சிறு குழுக்கள், வழக்கமான பாடத்தைவிடக் கடினமான கணக்குகள், பக்கத்தில் நடமாடிக்கொண்டிருக்கும் ஓர் ஆசிரியர். அவ்வளவுதான். அதில் சேர்ந்த கறுப்பின மாணவர்களின் கிரேடுகள் மற்றவர்களுக்கு நிகராக உயர்ந்தன. பாடத்திட்டத்தை இளக்கவில்லை, தேர்வை எளிதாக்கவில்லை. மாணவர்களைத் திருத்தும் முயற்சியை விட்டுவிட்டு அவர்கள் படிக்கும் ஏற்பாட்டை மாற்றினார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு வின்சென்ட் டின்ட்டோவிடம் போகலாம். இந்தத் துறையில் எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் அவர் பெயர் வரும். 1975-இல் ஒரு நீண்ட கட்டுரை, 1987-இல் ‘லீவிங் காலேஜ்’ என்ற புத்தகம், 1993-இல் அதன் திருத்திய இரண்டாம் பதிப்பு. அவருக்கு முன்பு இடைநிற்றல் பெரும்பாலும் உளவியல் விஷயமாகப் பார்க்கப்பட்டது: யாருக்கு மன உறுதி உண்டு, யாருக்கு இல்லை. டின்ட்டோ அதைச் சமூகவியல் பக்கம் திருப்பினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட கருவி வியப்பானது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1897-இல் தற்கொலையைப் பற்றி எழுதிய ஆய்வு அது. மனிதன் தன் சமூகத்தோடு ஒட்டாமல் போகும்போது உயிரை விடும் முடிவு மிகுதியாகிறது என்றார் துர்க்கைம். வில்லியம் ஸ்பேடி என்பவர் 1970-இல் அந்தச் சிந்தனையைக் கல்லூரிக்குப் பொருத்தினார்; டின்ட்டோ அதை வளர்த்தார். மாணவர் கல்லூரியோடு இரண்டு வழிகளில் ஒட்ட வேண்டும். ஒன்று படிப்பின் வழியே, மற்றது நட்பு, ஆசிரியர் உறவு ஆகியவற்றின் வழியே. இரண்டும் அறுந்தால் ஆள் போய்விடுவார்.

புத்தகம் கொஞ்சம் வறட்சியானது. முழுதும் படிக்கப் பொறுமை வேண்டும். ஆனாலும் படிக்கச் சொல்வேன். போன மாணவரின் குணத்தை ஆராய்வதை விட்டுவிட்டு, அவருக்கும் கல்லூரிக்கும் இடையே என்ன நடந்தது என்று கேட்கக் கற்றுக்கொடுப்பது அது.

படித்த கையோடு அதை எதிர்த்தவர்களையும் படிக்க வேண்டும். டின்ட்டோ மானிடவியலாளர் ஆர்னல்ட் வான் ஹெனெப்பிடமிருந்தும் ஒரு கருத்தை வாங்கியிருந்தார். ஒருவர் சிறுவர் நிலையிலிருந்து பெரியவராகும் சடங்குகளில் முதலில் பழையதிலிருந்து பிரிதல், பிறகு இடைநிலை, பிறகு புதியதில் சேர்தல் என்ற மூன்று கட்டங்கள் உண்டு. கல்லூரிக்கு வரும் மாணவரும் வீட்டையும் ஊரையும் விட்டுப் பிரிந்துதான் புதிய சமூகத்தில் சேர வேண்டும் என்று அதிலிருந்து பொருள் வந்தது. 1992-இல் வில்லியம் டியர்னி இதைக் கூர்மையாக மறுத்தார். அந்தச் சடங்குகள் ஒரே பண்பாட்டுக்குள் நடப்பவை; அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளை ஒன்று வெள்ளையர் கல்லூரிக்கு வரும்போது நடப்பது வேறு; அங்கே ஒட்டச் சொல்வது தன் இனத்தை விட்டுவிடச் சொல்வதாகிவிடும் என்றார். எனக்கு டியர்னி பக்கம் நியாயம் அதிகம் தெரிகிறது. குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு வீடுதான் பலம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பேசும் அரைமணி நேரம்தான் அடுத்த வாரத்தைத் தாண்ட வைக்கிறது. டின்ட்டோவும் பிடிவாதக்காரர் அல்லர். தன் பார்வையைத் திருத்திக்கொண்டே வந்தார். 2012-இல் வந்த ‘கம்ப்ளீட்டிங் காலேஜ்’ புத்தகத்தில், வீட்டிலிருந்து வந்து போகும் மாணவருக்கும் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கும் கல்லூரி என்பது வகுப்பறை மட்டுமே, ஆகவே ஒட்டுதல் அங்கேதான் நடந்தாக வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறார். நேரம் குறைவு என்றால் 1987-ஆம் ஆண்டுப் புத்தகத்தைத் தள்ளிவைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

லாரா ரெண்டோன் 1994-இல் எழுதிய கட்டுரை இதற்கு அடுத்தது. டெக்சஸ் எல்லையூரான லரேடோவில் வளர்ந்த மெக்சிக்க வம்சாவளிப் பெண். தன் வீட்டில் முதல் பட்டதாரி. மாணவர் தானாக முன்வந்து கல்லூரி வாழ்க்கையில் கலந்துகொண்டால் வெற்றி பெறுவார் என்று அலெக்சாண்டர் ஆஸ்டின் 1984-இல் சொல்லியிருந்தார். அதைப் பரிசோதிக்கும் ஆய்வில் ரெண்டோனும் இருந்தார். மாணவர்கள் பேசப் பேச அவருக்கு ஒன்று புலப்பட்டது. தனக்கு இங்கே இடம் உண்டா என்ற சந்தேகத்தோடு வருபவர் முன்வரமாட்டார். யாராவது ஒருவர் அவரிடம் போய், நீ செய்தது சரியாக இருக்கிறது, உன்னால் முடியும், வா என்று சொல்ல வேண்டும். ஓர் ஆசிரியர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது, ஒரு கட்டுரையைப் பாராட்டியது போன்ற சின்ன நிகழ்ச்சிகளை அந்த மாணவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அணுகும் பொறுப்பு கல்லூரியுடையது என்கிறார் ரெண்டோன். ஆசிரியராக இருப்பவர் மறுநாள் காலையிலேயே செய்துபார்க்கக்கூடிய விஷயம், இந்தத் துறையின் எழுத்தில் இதைவிட வேறில்லை.

பாஸ்கரெல்லாவும் டெரன்சினியும் சேர்ந்து 1991-இலும் 2005-இலும் தொகுத்த ‘ஹவ் காலேஜ் அஃபெக்ட்ஸ் ஸ்டூடன்ட்ஸ்’ என்ற பெரும் தொகுதிகள் நூலகத்தில் இருக்கட்டும். தேவைப்படும்போது புரட்டிக்கொள்ளலாம். ஜார்ஜ் கூவும் தோழர்களும் 20 கல்லூரிகளைச் சுற்றிப் பார்த்து 2005-இல் எழுதிய ‘ஸ்டூடன்ட் சக்சஸ் இன் காலேஜ்’ நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு உதவும்.

இனிப் பணம். இதைப் பற்றிப் பேசாமல் ஒட்டுதல், அங்கீகாரம் என்று மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சாரா கோல்ட்ரிக்-ராப் 2016-இல் எழுதிய ‘பேயிங் த ப்ரைஸ்’ புத்தகத்தைக் கட்டாயம் படிக்க வேண்டும். விஸ்கான்சின் மாநிலத்தின் அரசுக் கல்லூரிகளில் 2008-இல் சேர்ந்த 3,000 ஏழை மாணவர்களை அவரும் அவர் குழுவும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தார்கள். எல்லோரும் பெல் உதவித்தொகை என்ற மைய அரசு உதவி பெற்றவர்கள். இருந்தும் பாதிப் பேர் பட்டமில்லாமல் வெளியேறினார்கள். ஐந்து ஆண்டுகளில் முடித்தவர்கள் 20 விழுக்காட்டுக்கும் குறைவு. உதவித்தொகை இருக்கும்போது ஏன் இப்படி? கட்டணம் மட்டும்தான் செலவா? வாடகை, சாப்பாடு, பஸ், புத்தகம், வீட்டில் தம்பிக்கு அனுப்ப வேண்டிய பணம். அதற்காக இரவு வேலை. இரவு வேலையால் காலை வகுப்பில் தூக்கம். கிரேடு இறங்குகிறது, கிரேடு இறங்கினால் உதவித்தொகை நின்றுபோகிறது. இந்தச் சுழலை ஒவ்வொரு மாணவரின் கணக்கையும் வைத்து அவர் காட்டுகிறார். பசியோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவர்களைப் பற்றி அமெரிக்கா பேசத் தொடங்கியதில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு.

கட்டணம், சாப்பாடு, விடுதி எல்லாவற்றையும் கல்லூரியே ஏற்றுக்கொண்டால் பிரச்சினை தீர்ந்ததா? அந்தோனி ஜாக்கின் ‘த ப்ரிவிலெஜ்டு புவர்’ இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறது. 2019-இல் வந்தது. மயாமியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து ஆம்ஹெர்ஸ்ட் என்ற உயர்தரக் கல்லூரியில் படித்தவர் ஜாக். பெயர் சொல்லாத ஒரு பணக்காரப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வகை ஏழை மாணவர்களைக் கண்டார். ஒரு வகையினர் உதவித்தொகையில் வசதியான தனியார் பள்ளிகளில் படித்துவிட்டு வந்தவர்கள். அந்த உலகத்தின் பழக்கவழக்கம் அவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் சாதாரண அரசுப் பள்ளியிலிருந்து நேராக வந்தவர்கள். பேராசிரியர்கள் தங்கள் அறையில் மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் நேரத்துக்கு அங்கே ‘ஆஃபீஸ் அவர்ஸ்’ என்று பெயர். முதல் வகையினர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய்ப் பேசினார்கள். இரண்டாம் வகையினரில் பலருக்கு அது என்ன நேரம் என்றே விளங்கவில்லை. ஆசிரியரைப் போய்ப் பார்ப்பது சலுகை கேட்பதுபோல இருக்கும் என்று ஒதுங்கினார்கள். பரிந்துரைக் கடிதம், ஆய்வு வாய்ப்பு, கஷ்டகாலத்தில் ஓர் ஆறுதல் எல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தன. வசந்தகால விடுமுறையில் உணவுக்கூடம் மூடப்படும்போது ஊருக்குப் போகப் பணமில்லாத மாணவர்கள் பட்டினி கிடந்ததையும் ஜாக் எழுதுகிறார். விடுமுறை என்றால் எல்லோரும் எங்கேயாவது போய்விடுவார்கள் என்று நிர்வாகம் நினைத்திருந்தது. போக இடமில்லாதவர் ஒருவர் இருக்கக்கூடும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. இந்தப் பக்கங்களை எத்தனை முறை படித்தாலும் மனம் கனத்துப்போகிறது.

இதுவரை சொன்னவை நோயைப் புரியவைப்பவை. குணமான இடங்களைப் பற்றியும் படித்தால்தான் நம்பிக்கை வரும். அட்லாண்டாவில் இருக்கும் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் பணக்கார நிறுவனம் அல்ல. ஏழை மாணவர், கறுப்பின மாணவர், வீட்டில் முதலில் படிப்பவர் நிறைந்த நகரக் கல்லூரி. 2003-இல் அங்கே ஆறு ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்கள் 32 விழுக்காடு. பிறகு வந்த ஆண்டுகளில் அது 50-ஐத் தாண்டியது. கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளை மாணவர்களுக்கும் இடையே இருந்த இடைவெளியும் மறைந்தது. அந்தக் கதையை ஆண்ட்ரூ கம்பல் 2020-இல் ‘வோன்ட் லூஸ் திஸ் ட்ரீம்’ என்ற புத்தகமாக எழுதினார். நாவல்போல ஓடும்.

அதன் நடுநாயகர் டிம் ரெனிக், மதவியல் பேராசிரியர். நிர்வாகத்துக்கு வந்தவர், மாணவர்கள் எங்கே தொலைகிறார்கள் என்று பதிவேடுகளில் தேடினார். ஒவ்வொரு பருவத்திலும் கட்டணத்தில் சில நூறு டாலர் பாக்கி இருந்ததற்காக ஏராளமான மாணவர்களின் பெயர் நீக்கப்பட்டது தெரிந்தது. அவர்களில் பட்டத்துக்கு ஒன்றிரண்டு பாடமே மீதமிருந்தவர்களும் உண்டு. 2011-இலிருந்து அந்தப் பாக்கியைக் கல்லூரியே கட்டத் தொடங்கியது. மாணவர் விண்ணப்பம் போட வேண்டியதில்லை. கல்லூரியே பட்டியலைப் பார்த்துக் கணக்கில் போட்டுவிட்டுச் செய்தி சொன்னது. விண்ணப்பம் போடச் சொன்னால், மிகவும் தேவைப்படுபவர்தான் போடமாட்டார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. படித்து முடிக்கும் மாணவர் கட்டும் கட்டணத்தில் கல்லூரி கொடுத்த பணம் திரும்பியும் வந்தது.

அடுத்து, பத்தாண்டுக் கிரேடுகளை எடுத்துப் பார்த்தார்கள். அரசியல் அறிவியல் முதன்மைப் பாடமாக எடுத்தவர், அதன் முதல் தாளில் ஏ அல்லது பி வாங்கினால் பட்டம் முடிக்கும் வாய்ப்பு 75 விழுக்காடு. சி வாங்கினால் வெறும் 25. சி என்பது தேர்ச்சிதான். ஆகவே அதுவரை யாரும் அந்த மாணவரைக் கூப்பிட்டுப் பேசியதில்லை. தேர்ச்சி பெற்றவரிடம் என்ன பேச இருக்கிறது? ஆனால் அவர் அடுத்தடுத்த தாள்களில் மெல்லச் சரிந்து மூன்றாம் ஆண்டில் காணாமல் போவார். இப்படி 800-க்கு மேற்பட்ட எச்சரிக்கை அறிகுறிகளைக் கண்டுபிடித்து, 2012-இலிருந்து ஒவ்வொரு மாணவரையும் நாள்தோறும் கவனிக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். கணினி அறிகுறியைச் சொல்லும். ஆலோசகர் மாணவரைக் கூப்பிடுவார். இதற்காகப் புதிதாகப் பல ஆலோசகர்களை வேலைக்கு எடுத்தார்கள். இந்தக் கதையைக் கேட்பவர்கள் கணினியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். மென்பொருளை மட்டும் வாங்கிவிட்டு, கூப்பிட்டுப் பேச ஆளை வைக்காத கல்லூரிக்கு இதில் ஒன்றும் கிடைக்காது என்பது என் எண்ணம்.

கல்லூரியில் இடம் கிடைத்தும் முதல் நாள் வராமலே போகிறவர்கள் தனிக் கூட்டம். மே மாதம் வருகிறேன் என்று சொன்ன பிள்ளை ஆகஸ்டில் வருவதில்லை. ஒரு படிவம், ஒரு தடுப்பூசிச் சான்று, உதவித்தொகைக்கான ஒரு கையெழுத்து, இதில் எங்கோ தடுக்கி நின்றுவிடுகிறது. பெஞ்சமின் காசல்மனும் லின்ட்சே பேஜும் இதைப் பற்றி 2014-இல் ‘சம்மர் மெல்ட்’ என்ற சின்னப் புத்தகம் எழுதினார்கள். நினைவூட்டும் குறுஞ்செய்திகள்கூட எப்படி உதவுகின்றன என்று சோதித்துக் காட்டியவர்கள். சேர்க்கைக் குழுவில் இருப்பவர்கள் படிக்க வேண்டியது.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரிகளில் 2007-இல் தொடங்கிய ‘ஏசாப்’ திட்டத்தைப் பற்றிய ஆய்வறிக்கைகள் இன்னொரு முக்கியமான வாசிப்பு. எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துச் சோதித்தது. திட்டத்தில் இருந்தவர்களில் 40 விழுக்காட்டினர் மூன்று ஆண்டுகளில் பட்டம் பெற்றார்கள், இல்லாதவர்களில் 22. கல்வித்துறைச் சோதனைகளில் ஏறக்குறைய இரட்டிப்பு என்பது அபூர்வம். ஒஹாயோ மாநிலத்தில் திரும்பச் செய்தபோதும் 35-க்கு 19 என்று அதே அளவு வித்தியாசம் வந்தது. என்ன கொடுத்தார்கள்? முழுநேரமாகப் படிக்க வேண்டும் என்ற நிபந்தனை. மாணவர் ஒவ்வொருவரையும் அடிக்கடி சந்திக்கும் ஆலோசகர். அவர் பொறுப்பில் நூற்றுக்கணக்கான மாணவர்களைத் தள்ளிவிடவில்லை. உதவித்தொகைக்கு மேல் நிற்கும் கட்டணப் பாக்கி தள்ளுபடி. இலவசப் பாடப்புத்தகம். மாதந்தோறும் ரயிலுக்கும் பஸ்ஸுக்குமான பயண அட்டை. திட்டத்தின் கூட்டங்களுக்கு வருபவருக்கே அது. ஆலோசகரைப் பார்க்க மாணவரை வரவழைத்தது அந்த அட்டைதான்.

ஒரு மாணவருக்கு ஆன செலவு ஏறத்தாழ 60 விழுக்காடு கூடியது. ஆனால் ஒரு பட்டத்துக்கு ஆன செலவு குறைந்தது, ஏனென்றால் பட்டங்கள் கூடின. ஒரே ஓர் உதவியைத் தனியாகக் கொடுத்த திட்டங்கள் பலவும் சில மாதங்களில் நீர்த்துப்போயின என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பணம் மட்டும், ஆலோசனை மட்டும், நினைவூட்டல் மட்டும் என்று கொடுத்தால் பலன் கொஞ்சம். எல்லாவற்றையும் சேர்த்து, மூன்று ஆண்டுகளும் விடாமல் கொடுத்ததால்தான் ஏசாப் நின்றது.

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் நூற்றுக்கணக்கான பாடங்களைப் பரப்பிவைத்துவிட்டு, வேண்டியதை எடுத்துக்கொள் என்று விடுவது பழைய வழக்கம். வழிகாட்ட ஆளில்லாத பிள்ளைகள் தேவையில்லாத பாடங்களில் பணத்தையும் ஆண்டுகளையும் தொலைத்தார்கள். தாமஸ் பெய்லி, ஷன்னா ஜாகர்ஸ், டேவிஸ் ஜென்கின்ஸ் மூவரும் 2015-இல் எழுதிய புத்தகம் இதைச் சுயசேவை உணவகத்தோடு ஒப்பிட்டு, தெளிவான பாதைகளாகப் பாடங்களை அடுக்கச் சொல்கிறது. நம் ஊர்ப் பட்டப்படிப்பில் பாடங்கள் முன்பே அடுக்கப்பட்டிருப்பதால் அதில் பாதி நமக்குப் பொருந்தாது; விரைவாகப் புரட்டிவிடலாம்.

தமிழ்நாட்டு வாசகர் டின்ட்டோவின் முதல் புத்தகத்தைப் படிக்கும்போது அது விடுதியில் தங்கிப் படிக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. நம் கலை அறிவியல் கல்லூரிகளில் ஏராளமானோர் காலையில் டவுன் பஸ் பிடித்து வந்து மாலையில் வீடு திரும்புபவர்கள். அவர்களுக்கு நெருக்கமானது நியூயார்க்கின் சமுதாயக் கல்லூரிதான், ஆம்ஹெர்ஸ்ட் அல்ல. மாணவர் பஸ் பாஸும், அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022-இலிருந்து மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும், மாணவர்களுக்காக 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் ஏசாப்பின் ஒரு கையை ஒத்தவை. மற்றொரு கையான ஆலோசகர், நம் கல்லூரிகளில் ‘மென்டர்’ என்ற பெயரில் பதிவேட்டில் இருக்கிறார். ஒருவருக்கு எத்தனை மாணவர், எத்தனை முறை சந்திப்பு, அரியர் விழுந்த வாரத்திலேயே யார் பேசுவது என்பதையெல்லாம் நிரப்பினால் அந்தக் கையும் வேலை செய்யும். முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை கொடுத்து உள்ளே அழைத்துவந்த சமூகம் இதையும் செய்ய முடியும் என்றே நான் நம்புகிறேன்.

கடைசியாக, மைக் ரோஸ். ‘லைவ்ஸ் ஆன் த பௌண்டரி’, 1989. லாஸ் ஏஞ்சலஸில் இத்தாலியக் குடியேறிகளின் மகனாக வளர்ந்தவர் ரோஸ். உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தபோது அவருடைய தேர்வு மதிப்பெண் ரோஸ் என்ற பெயருடைய வேறொரு மாணவனுடையதோடு மாறிவிட்டது. அதனால் அவரைத் தொழிற்கல்விப் பிரிவில் போட்டார்கள். பெற்றோருக்குக் கேள்வி கேட்கத் தெரியவில்லை. இரண்டு ஆண்டுகள் அங்கேயே கிடந்தார். மந்தம் என்று முத்திரை விழுந்த பிள்ளைகளின் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் எப்படித் தங்களைச் சராசரியாக்கிக்கொண்டு தப்பிக்கிறார்கள் என்று பார்த்தார். ஓர் உயிரியல் ஆசிரியர் பதிவேட்டைப் பார்த்து, இந்தப் பையன் இங்கே இருக்க வேண்டியவன் அல்ல என்று கண்டுபிடித்தார். பிறகு ஓர் ஆங்கில ஆசிரியர் புத்தகங்களின் உலகத்தைத் திறந்துவிட்டார். பின்னாளில் ரோஸ் அதே லாஸ் ஏஞ்சலஸில், தவறான வாக்கியங்கள் எழுதும் மாணவர்களுக்குக் கற்பித்தார். ஒவ்வொரு தவறுக்குப் பின்னாலும் அந்த மாணவர் எதைச் சொல்ல முயல்கிறார் என்று தேடிப் பார்க்கும் பொறுமையை அந்தப் பக்கங்களில் காணலாம்.

ஒரு கல்வியாண்டுக்குள் படிக்க வேண்டுமென்றால் இப்படிச் செய்யலாம். வகுப்பு தொடங்கும் முன் ட்ரைஸ்மனும் ரெண்டோனும், இரண்டும் கட்டுரைகள்தாம். முதல் பருவத்தில் மைக் ரோஸும் ஜாக்கும். உள்தேர்வு முடிந்து வருகைப்பதிவு குறையத் தொடங்கும் நேரத்தில் கோல்ட்ரிக்-ராப். ஏசாப் அறிக்கைகள் எம்.டி.ஆர்.சி. தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அவற்றைத் துறைத்தலைவரோடும் முதல்வரோடும் சேர்ந்து உட்கார்ந்து படிப்பது நல்லது, ஏனென்றால் செலவுக் கணக்கு அதில் இருக்கிறது. டின்ட்டோவும் அவரோடு வாதாடிய டியர்னியும் கோடை விடுமுறைக்கு. கம்பலின் புத்தகத்தைக் கையில் எடுக்கும்போது உங்கள் துறையில் சென்ற ஆண்டு நின்றுபோன மாணவர்களின் பெயர்ப் பட்டியலையும் அலுவலகத்திலிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பருவத்தில், எந்தத் தாளுக்குப் பின், எவ்வளவு பாக்கியோடு நின்றார்கள் என்று ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் எழுதிப் பாருங்கள். ரெனிக்கும் அப்படித்தான் தொடங்கினார்.